ஏழை சொல் அம்பலம் ஏறுமா?



“கோர்ட்டுப் படி ஏறினா வீட்டை விக்கணும்” என்று எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். வழக்கில் தோற்றவன் கதையாவது ஊருக்குத் தெரியும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வழக்கே போடாதவன் கதை யாருக்குத் தெரியும்?

நான் மெக்கானிக்கல் படிக்கிறவன், சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் இது நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் பல ஏழைகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனைக் காலத்தையும் தாண்டிச் சிலர் உள்ளே இருந்தார்கள்! காரணம்? ஜாமீனுக்குப் பணமில்லை, பேச வக்கீல் இல்லை. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமைகள் என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பில் சொன்னார். உரிமை, தர்மம் அல்ல!

இலவச சட்ட உதவிக்கான 39-ஏ பிரிவு 1976-லேயே அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கான சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9-இல்தான் அமலுக்கு வந்தது.

யார் யாருக்கு இந்த உதவி? பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு மட்டும் ஆண்டு வருமான வரம்பு உண்டு. நாளைக்கு ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிற நாமும், நம்மோடு படிக்கிற தோழிகளும் இந்தப் பட்டியலில் இருக்கிறோம், கவனித்தீர்களா?

எப்படிக் கேட்பது? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா அளவில் வட்டக் குழு உண்டு. மனு எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம். வழக்கில் நியாயம் தெரிந்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள். கோர்ட் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விபத்து இழப்பீடு, செக் மோசடி, குடும்பத் தகராறு போன்றவற்றை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடிக்கலாம். கோர்ட்டில் நடக்கும் வழக்கு இங்கே முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: இங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. தொகை குறைவாகத் தெரிந்தால் “சம்மதமில்லை” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது அவசரப்படுத்தினார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்!

“இலவச வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?” என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம்தான். குறைந்த சம்பளத்துக்கு நிறைய வழக்கு பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் ஈடுபாடு வரும்? அதனால்தான் குற்ற வழக்குகளுக்கென முழுநேர வக்கீல்களை நியமிக்கும் திட்டம் 2022-இல் வந்தது. நல்ல சம்பளமும் கண்காணிப்பும் சேர்ந்தால்தான் அது பலன் தரும்.

எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் சுவிட்ச் போட ஆள் வேண்டுமே! இந்தச் சட்டத்துக்கு அந்த ஆள் விஷயம் தெரிந்தவன்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, வழக்குக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் ஒருவருக்காவது இதை எடுத்துச் சொல்லுங்கள். ஏழை சொல்லும் அம்பலம் ஏறட்டும்!