தோளில் தொங்கிய பயம்

இடுகாடு, உருவிய வாள், ராஜாவின் தோளில் ஒரு பிணம். குழந்தைகள் பத்திரிகையில் இப்படியொரு படம் மாதாமாதம் வந்தது! 1947இல் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் விக்கிரமாதித்தன் கதைதான் அது.

பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ராஜாவிடம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் அவர் தலை வெடிக்கும். பேசினாலோ வேதாளம் பிணத்தோடு முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். திருவண்ணாமலையானாலும் திருநெல்வேலியானாலும் அன்றைய வாசகர்கள் இரண்டு கட்சி. ராத்திரி கொல்லைப்பக்கம் போகவே நடுங்கியதாகச் சிலர் சொல்வார்கள். வேதாளம் கேட்கும் கேள்விக்காகவே படித்ததாக மற்றவர்கள். பயந்தவர்கள்தான் படத்தை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

வரைந்தவர் 'சங்கர்' என்கிற கே.சி. சிவசங்கரன். 2020இல் மறைந்தார், பத்மஸ்ரீ அடுத்த ஆண்டுதான் வந்தது.