குடை வேண்டாத ஊரில் மூன்று நாள்

மியூனிக்கில் ரயில் ஏறும்போதே வீட்டில் சண்டை. குடையை மறந்தது நானா அவளா என்பதில். நவம்பர் மாதம், மூன்று வயது மகள், ஒரு தள்ளுவண்டி. ஏழு மணி நேரப் பயணம் முடிந்து இத்தாலியின் போலோனியா நிலையத்தில் இறங்கினால் மழை கொட்டுகிறது. "நல்லா மாட்டுனோம்" என்றாள் மனைவி.

ஆனால் மாட்டவில்லை. நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்து வியா இன்டிபென்டென்சா என்ற பெரிய தெருவுக்குள் நுழைந்தோம். அதற்கப்புறம் குறுக்குத் தெருக்களைத் தாண்டும்போது விழுந்த நாலு தூறல்தான். தெருவின் இரண்டு பக்கமும் கட்டடங்களின் மேல்தளம் முன்னால் நீண்டு நிற்கிறது. அதைத் தூண்கள் தாங்க, அடியில் வளைவு வளைவாக நடைபாதை. இத்தாலியர்கள் இதைப் போர்டிகோ என்கிறார்கள். ஊர் முழுக்கக் கூட்டினால் 62 கிலோமீட்டர் வருமாம். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்று போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் போலோனியாவில் ரயில் மாறுவதோடு சரி. நானும் இரண்டு முறை அப்படித்தான் மாறியிருக்கிறேன். இந்த முறை அதே நிலையத்தில் இறங்கியதே டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால்தான்.

நான் கட்டடக் கலை படித்தவன் இல்லை. படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. ஆனால் இந்த ஊரைப் பார்த்ததும் ரொம்பப் பழக்கமான ஒரு விஷயம் தெரிந்தது. விதி மீறிச் செய்த ஒட்டு வேலை, பிறகு அதுவே விதியாகிப்போவது! 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. மாணவர்கள் குவியக் குவிய, வீட்டுக்காரர்கள் வாடகைக்காக மேல்தளத்தைத் தெருப் பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீட்டியது தொங்கக் கூடாதே என்று கீழே மரத் தூண் கொடுத்தார்கள். சாதாரண ஆக்கிரமிப்பு. நம் ஊராக இருந்தால் நோட்டீஸ் வந்திருக்கும்.

நகர நிர்வாகம் வேறு மாதிரி யோசித்தது. 1288-ல் ஒரு சட்டம்: இனி வீடு கட்டுகிறவர் போர்டிகோவோடுதான் கட்ட வேண்டும், இல்லாதவர் சேர்க்க வேண்டும். உயரம் குறைந்தது 2.66 மீட்டர், குதிரையில் உட்கார்ந்தபடி ஒருவர் போகிற அளவு. மேலே நீ எடுத்துக்கொள், கீழே ஊருக்குக் கொடு என்ற கணக்கு. 1568-ல் மரத் தூண்களைச் செங்கல்லாகவோ கல்லாகவோ மாற்றச் சொல்லி ஆணை வந்தது. அதில் தப்பிய மரத் தூண்கள் சில இன்னும் நிற்கின்றன. ஸ்ட்ராடா மஜோரே தெருவில் காசா இசோலானி என்ற 13-ம் நூற்றாண்டு வீடு. சுமார் ஒன்பது மீட்டர் உயர மரத் தூண்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

இன்றும் போர்டிகோ இருக்கும் இடம் பெரும்பாலும் தனியார் சொத்து. நடக்கிற உரிமை எல்லோருக்கும். தரையைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதனால்தான் இருபது அடிக்கு ஒருமுறை தரை மாறுகிறது. ஒரு வீட்டுக்கு முன்னால் சிவப்பு மொசைக், அடுத்ததற்குச் சாம்பல் கல், அப்புறம் கட்டம் போட்ட சலவைக்கல். என் மகள் ஒவ்வொரு நிறம் மாறும்போதும் நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

எனக்குத் தஞ்சாவூர் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர், தயிர்க்காரம்மா, வெயிலுக்கு ஒதுங்குபவர் என யாரும் கேட்காமல் உட்காருவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அதற்குக் கிரில் போட்டாயிற்று. அப்பா போடவில்லை, நான்தான் இங்கிருந்து பணம் அனுப்பிப் போடச் சொன்னேன். வயசானவங்க தனியா இருக்காங்க, பாதுகாப்பு வேணும் இல்லையா? அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

உடைக்கு வருவோம். இத்தாலி என்றாலே மிலான், பேஷன் என்பார்கள். போலோனியாவில் ஸ்டைல் கடைக் கண்ணாடிக்குள் இல்லை, தூண்களுக்கு நடுவே நடக்கிறது. எழுபது வயதுத் தாத்தா இஸ்திரி போட்ட பேன்ட், கம்பளிக் கோட், கழுத்தில் ஸ்கார்ஃப், பாலிஷ் போட்ட தோல் ஷூ என்று காய்கறி வாங்கப் போகிறார். வெளியே மழை, ஷூவில் சேறு இல்லை. தலைக்கு மேல் கூரை இருப்பதால்தான் இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு நன்றாக உடுத்துகிறார்கள் என்பது என் கட்சி. நாங்கள் மூன்று பேரும் ரெயின் ஜாக்கெட்டில் மலையேற வந்தவர்கள் மாதிரி இருந்தோம். மனைவியின் காட்டன் துப்பட்டாவை மட்டும் காபிக் கடையில் ஒரு பாட்டி தொட்டுப் பார்த்து "பெல்லா" என்றார். மூன்று நாளும் அதைக் கழற்றவில்லை.

இன்னொரு காட்சி, பட்டம் வாங்கிய மாணவர்கள். தலையில் லாரல் இலைக் கிரீடம், சிவப்பு ரிப்பன். நண்பர்கள் கூட்டமாகக் கிண்டல் செய்துகொண்டே தெருவில் இழுத்துப் போகிறார்கள். பட்டம் வாங்கும் முன் 97 மீட்டர் அசினெல்லி கோபுரம் ஏறினால் பாஸ் ஆக மாட்டார்கள் என்றொரு நம்பிக்கையும் உண்டு. இப்போது யாரும் ஏற முடியாது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் 48 மீட்டர் கரிசெண்டா கோபுரம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் 2023 அக்டோபரில் அந்த இடத்தையே அடைத்துவிட்டார்கள்.

எல்லாம் அழகு என்று சொல்ல மாட்டேன். தூண்களில் கிறுக்கல், சில இடங்களில் மூத்திர நாற்றம். இரவில் கூரை இல்லாதவர்கள் அட்டை விரித்துப் படுக்கிறார்கள். திறந்த இடம் என்றால் அவர்களுக்கும் திறந்ததுதான்.

கடைசி நாள் சான் லூக்கா. 666 வளைவுகள், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், குன்றின் மேலிருக்கும் மாதா கோயில் வரை ஒரே கூரை. 1433-ல் விடாத மழை, பயிர் அழுகும் நிலை. மலையிலிருந்து மாதா படத்தை ஊர்வலமாக இறக்கியதும் மழை நின்றதாக நம்பிக்கை. இன்றும் ஆண்டுதோறும் இறக்குகிறார்கள். அந்த ஊர்வலம் நனையக் கூடாது என்று 1674-ல் தொடங்கியது இந்தப் பாதை. செலவில் பெரும் பங்கு ஊர் மக்களின் நன்கொடை. தள்ளுவண்டியோடு பாதி தூரம்தான் ஏற முடிந்தது. படிகள் வந்துவிட்டன.

அங்கேயே உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கேமராவைத் திருப்பித் தூண் வரிசையைக் காட்டினேன். கீழே தெருவில் பார்த்ததையும் சொன்னேன்.

"எம்மாம் பெரிய திண்ணைடா!" என்றார். "தெருவுல தரை பேந்துபோனா யாரு போடுவா?"

"வீட்டுக்காரங்கதான்ப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார்.