கீழடி: 580-க்கும் 300-க்கும் நடுவே ஒரு சமவெளி

கீழடி அகழாய்வு அறிக்கையை ஒன்பது மாதத்துக்குள் வெளியிடுவதாக இந்தியத் தொல்லியல் துறை 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உறுதி சொன்னது. கெடு முடிந்தது. 2025 மே மாதம் வந்தது அறிக்கை அல்ல, அதைத் திருத்தித் தரச் சொல்லும் கடிதம். அடுத்த மாதம் அறிக்கையை எழுதிய அமர்நாத் ராமகிருஷ்ணாவுக்கு நொய்டாவுக்கு இடமாற்றம் வந்தது. கீழடியில் தோண்டிக்கொண்டிருந்த அவரை 2017-இல் குவாஹாட்டிக்கு அனுப்பியதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அன்றிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் குழப்பம்தான் அதிகம். “மாநில அரசு கி.மு. 580 என்கிறது, அமர்நாத் எட்டாம் நூற்றாண்டு என்கிறார், டெல்லி 300 என்கிறது. கார்பன் டேட்டிங் விஞ்ஞானம்தானே, விடை எப்படி மூன்று?” என்று கேட்கிறார் உல்லாஸ்நகர் ஐந்தாம் கேம்ப் வாசகர் ஒருவர். தாராவியிலிருந்து வந்த கடிதத்தில் கேள்வியே இல்லை, “மறைக்கிறார்கள்” என்ற ஒரு சொல்தான். செம்பூர் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை அப்படியே அனுப்பி, மாயர்களும் தமிழர்கள்தானே என்கிறார். அவருக்குக் கடைசியில் பதில் உண்டு.

கீழடி எங்கே இருக்கிறது, என்ன கிடைத்தது என்பதெல்லாம் மும்பைத் தமிழர்களுக்கு மனப்பாடம். கரிமம்-14 பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அந்தப் பாடத்தில் விட்டுப்போன ஒரு சங்கதியில்தான் இந்தச் சண்டையின் பாதி அடங்கியிருக்கிறது.

வில்லர்ட் லிப்பி 1949-இல் கரிமம்-14 காலக்கணிப்பு முறையை அறிவித்தபோது, காற்றில் கரிமம்-14 எக்காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார். மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சோதித்தவர்கள் அது பொய் என்று காட்டினார்கள். காற்றில் அதன் அளவு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. அதனால் ஆய்வகம் இன்று இரண்டு விடை தருகிறது. முதலாவது, 1950-ஐத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணிய கச்சா வயது. அதோடு ஒரு ± ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அந்த வயதை மர வளையக் கோட்டோடு ஒப்பிட்டு எடுத்த ஆண்டு இடைவெளி. அரசின் செய்திக்குறிப்பு மூன்றாவது ஒன்றைத் தருகிறது: இடைவெளியை உதிர்த்துவிட்டு, மேடையில் வாசிக்கத் தோதான ஒற்றை ஆண்டு. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட “353 செ.மீ. ஆழம், கி.மு. 580” அப்படிப்பட்ட எண்தான்.

சிக்கல், அந்த 580 விழுந்திருக்கும் இடத்தில். கி.மு. 800 முதல் 400 வரையான காலத்தில் மர வளையக் கோடு கிட்டத்தட்ட படுத்துக்கிடக்கிறது. ஆஸ்திரியாவின் இரும்புக்காலத் தலமான ஹால்ஸ்டாட்டின் பெயரால் ஆய்வாளர்கள் இதை ஹால்ஸ்டாட் சமவெளி என்கிறார்கள். நடந்தது இதுதான். கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிச் சூரியன் அடங்கியிருந்தது, காற்றில் கரிமம்-14 கூடியது. பிறகு அது மெல்ல இறங்கத் தொடங்கியது. இறங்கிய வேகம்தான் வில்லங்கம். செத்த மரத்தில் கரிமம்-14 சுமார் 83 ஆண்டுக்கு ஒரு சதவீதம் வீதம் குறையும். காற்றிலும் ஏறத்தாழ அதே வேகத்தில் அது குறைந்துவந்தது. கி.மு. 750-இல் வெட்டிய மரம் அதிகச் சரக்கோடு கிளம்பி அதிக காலம் இழந்தது. கி.மு. 450-இல் வெட்டிய மரம் குறைந்த சரக்கோடு கிளம்பிக் குறைந்த காலமே இழந்தது. இன்று இரண்டையும் கருவியில் வைத்தால் மீதி ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு தபால் ஆபீஸில் முந்நூறு ஆண்டுகளாக முத்திரையில் தேதியை மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா போட்ட கடிதத்திலும் பேரன் போட்ட கடிதத்திலும் ஒரே தேதிதான் இருக்கும். முத்திரையை எவ்வளவு பெரிய பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எது முந்தியது என்று தெரியாது.

எண்ணில் சொன்னால், ஆய்வகம் 2450 ± 30 என்று கச்சா வயது தந்தால், ஒப்பீட்டுக்குப் பிறகு கிடைப்பது ஏறத்தாழ கி.மு. 755 முதல் 410 வரையான இடைவெளி. முந்நூற்று நாற்பது ஆண்டு அகலம். அதற்குள் 580 சாத்தியம், 700 சாத்தியம், 450-உம் சாத்தியம். கருவியைத் துல்லியமாக்கினாலும் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் கோளாறு கருவியில் இல்லை, அந்தக் காலத்துக் காற்றில் இருக்கிறது.

இதைப் படித்ததும் டெல்லி ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சமவெளிக்கு இரண்டு பக்கமும் விளிம்பு உண்டு, கி.மு. 400-ஐ ஒட்டிய விளிம்பு செங்குத்தானது. சமவெளியில் விழுந்த மாதிரி கி.மு. 600-ஆ 450-ஆ என்று சொல்ல முடியாதே தவிர, அது 300 இல்லை என்று சொல்ல முடியும். 300-ஐச் சேர்ந்த மரம் கச்சா வயதிலேயே இளையதாகக் காட்டியிருக்கும். உதாரணத்துக்கு வெளியில் தேட வேண்டியதில்லை. இந்தியத் தொல்லியல் துறையே முதலில் அனுப்பிய இரண்டு கரி மாதிரிகளுக்கு 2017-இல் அறிவித்த வயது 2160 ± 30, 2200 ± 30. அவை கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு இப்பால் விழுபவை, அவற்றுக்கும் இருநூறு ஆண்டு அளவுக்கு அகலம் உண்டு.

எனவே துறையின் 2025 மே கடிதத்தை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் பார்த்துச் சொன்னதாக வந்த கடிதம் அது. ஆழத்தை மட்டும் கொடுத்தால் போதாது, மண்ணடுக்கின் எண்ணும் வேண்டும் என்று அது கேட்பது நியாயம். மாநிலத் துறை சொன்ன 353 செ.மீ.யும் தரையிலிருந்து அளந்த தூரம், அவ்வளவுதான். பிற்காலத்தில் யாரோ தோண்டிய குழி வழியாகவோ எலி வளை வழியாகவோ மேலடுக்குக் கரி கீழே போகும், கீழடுக்குக் கரி மேலே வரும். குழியின் பக்கச் சுவரில் மண்ணின் நிறம் மாறும் கோட்டைப் பார்த்து, இந்தக் கரி அந்தக் கோட்டுக்குக் கீழேயா மேலேயா என்று எழுதிவைப்பதுதான் தொல்லியலின் அடிப்படை வேலை. ஆனால் அதே கடிதம் முதல் காலகட்டத்துக்கு எட்டாம் நூற்றாண்டு முதல் ஐந்தாம் நூற்றாண்டு வரை என்ற வரையறைக்கு நியாயமே இல்லை என்று தள்ளிவிட்டு, அதிகபட்சம் 300-க்கு முன்பு எங்கோ என்று ஒரு எண்ணைத் தானே போடுகிறது. அந்த எண் எந்த மாதிரியிலிருந்து வந்தது? சான்று போதவில்லை என்பது ஒரு பேச்சு, நான் சொல்லும் ஆண்டைப் போடு என்பது வேறு பேச்சு. அமர்நாத் மாற்ற மறுத்து இரண்டே நாளில் பதில் எழுதினார். ஜூனில் சென்னைக்கு வந்த மத்தியக் கலாசார அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத், இன்னும் அறிவியல் முடிவுகள் தேவை என்றார். 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைப் பற்றி 2025 ஜூனில் பேசிய பேச்சு அது.

மாநில அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு: 580 காட்டிய கரி மரத்தின் எந்தப் பகுதி? கரித்துண்டு சொல்வது மரம் உயிரோடிருந்த காலத்தை, அடுப்பு எரிந்த காலத்தை அல்ல. வயதான மரத்தின் வைரப் பகுதியை உத்தரமாக வைத்து, பல தலைமுறை கழித்து அதை விறகாக்கினால் கரி நூறு ஆண்டுக்கு மேல் மூப்புக் காட்டும். நெல்மணி, விதை போன்ற ஓராண்டுப் பயிர்களில் இந்த வம்பு இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குச் சொன்ன கி.மு. 1155-ஐ நான் கரித்துண்டு தேதிகளைவிட அதிகம் நம்புவதற்கு இதுவே காரணம்.

சமவெளியைத் தாண்ட வழி இருக்கிறதா? இருக்கிறது. அதை அழகாகச் செய்து காட்டியது மாயர்களின் விஷயத்தில். குவாத்தமாலாவின் திகால் நகரில் முதலாம் கோயிலின் வாசல் உத்தரம் ஒன்று இப்போது சுவிட்சர்லாந்தின் பாசெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரம் சப்போட்டா, நாம் கோல்வட்டிலிருந்து சிக்கு என்று வாங்கித் தின்பதன் மரமேதான், அதன் பூர்விகம் அந்தப் பக்கம். மாயர்கள் நாளை ஒவ்வொன்றாக எண்ணிக் கல்லிலும் மரத்திலும் செதுக்கிவைத்தவர்கள். அவர்களிடம் தேதிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கணக்கை நம் காலண்டரோடு எங்கே கோப்பது என்பதில்தான் தகராறு, ஒரு கணக்குக்கும் இன்னொன்றுக்கும் ஆயிரம் ஆண்டு வரை வித்தியாசம்.

2013-இல் வெளியான ஆய்வில் அந்த உத்தரத்தின் உள்ளிருந்து வெளிப்பக்கம் நோக்கி வரிசையாகச் சில மாதிரிகள் எடுத்தார்கள். சப்போட்டாவில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது என்பதால், மரத்திலுள்ள கால்சியத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்று கணித்தார்கள். பிறகு மாதிரிகளைத் தனித்தனியாக அல்லாமல் ஒரே சரமாக மர வளையக் கோட்டின்மேல் நகர்த்தி, மேடு பள்ளம் எங்கே சரியாகப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். மரத்தை வெட்டிய காலம் கி.பி. 658-க்கும் 696-க்கும் இடையில் என்று வந்தது. உத்தரத்தில் செதுக்கியிருப்பது திகால் மன்னன் ஹசாவ் சான் காவீல், எதிரி நகரான கலக்முலை வென்ற செய்தி. பெரும்பாலோர் ஏற்கும் கணக்குப்படி அது கி.பி. 695. போட்டிக் கணக்குகள் அடிபட்டுப்போயின.

கீழடியில் ஐம்பது, அறுபது வளையத்தோடு ஒரு மரத்துண்டு கிடைத்தால் இதே வேலையைச் செய்யலாம். தேக்கில் ஆண்டு வளையம் உண்டு. கரித்துகள்தான் கைக்கு வந்தது என்றால், ஒரே குழியில் மேலிருந்து கீழாக அடுக்கு எண்ணோடு நிறைய மாதிரிகளை எடுத்து, எது எதற்கு முந்தியது என்ற வரிசையைக் கணக்கில் சேர்த்து இடைவெளியைக் குறுக்கலாம். 2019-இல் வெளியான முடிவுகளுக்காக மாநிலத் துறை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியவை ஆறு. ஆறு போதாது.

தேதியில் தவறு நேர்வது ஒன்றும் மானக்கேடு அல்ல. உல்லாஸ்நகர் வாசகர் வால்துனி ஆற்றோரமாக மேலே போனால் அம்பர்நாத் சிவன் கோயில் வந்துவிடும். அங்குள்ள சிலாஹாரர் கல்வெட்டின் ஆண்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாவு தாஜி சக 782 என்று படித்தார். பைகுல்லா அருங்காட்சியகம் இன்று தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். பின்னால் பகவன்லால் இந்திரஜி அதை 982 என்று திருத்தினார். ஒரே ஓர் இலக்கம், கோயில் கி.பி. 860-லிருந்து 1060-க்கு வந்துவிட்டது. பாவு தாஜி தன் வாசிப்பை அச்சிட்டு வெளியே வைத்ததால்தான் இந்திரஜியால் அதைத் திருத்த முடிந்தது. யாரையும் யாரும் இடமாற்றம் செய்யவில்லை. (அமர்நாத்தின் 982 பக்கத்துக்கும் இந்த 982-க்கும் சம்பந்தமில்லை. வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.)

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பானை ஓட்டிலுள்ள தமிழி எழுத்தும் கி.மு. ஆறாம் நூற்றாண்டுதானா? ஓட்டுக்கு யாரும் நேரடியாகக் காலம் கணிக்கவில்லை, அதே மட்டத்துக் கரியைக் கணித்தார்கள். ஆகவே அதே சமவெளி, அதே எச்சரிக்கை.

சிவகளை இரும்புக்குச் சொல்லும் கி.மு. 3345-க்கும் இதே சிக்கலா? ஹால்ஸ்டாட் சமவெளி அங்கே இல்லை, ஆனால் அந்தக் காலத்தை ஒட்டியும் கோட்டில் தட்டையான பகுதி உண்டு. மூன்று ஆய்வகங்கள் பார்த்திருப்பதும் நல்லதே. கேட்க வேண்டியது, கரியும் இரும்பும் ஒரே நாளில்தான் தாழிக்குள் போனதா என்பது.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆதிச்சநல்லூர்? 2004-இல் தொடங்கித் தோண்டியதன் கரி முடிவுகள் 2019-இல் நீதிமன்றத்தில்தான் வெளிவந்தன: கி.மு. 905, 696. முதலாவது சமவெளிக்கு வெளியே, இரண்டாவது உள்ளே.

இந்தியாவிலேயே சோதிக்க முடியாதா? முடியும். டெல்லி, அகமதாபாத், லக்னோ மூன்றிலும் கருவி இருக்கிறது.

மாயர்களும் தமிழர்களா, புராணத் தச்சனான மாமுனி மயனும் அவர்களும் ஒன்றா? இல்லை.

டெல்லி மறைக்கிறதா? மறைக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை, இரண்டு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்துவிட்டுத் திருத்தம் கேட்டது என்பதற்கு அவர்கள் கடிதமே ஆவணம்.

அறிக்கை எந்த வடிவில் கைக்கு வந்தாலும் முன்னுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். மாதிரி எண், குழி எண், அடுக்கு எண், ஆய்வக எண், கச்சா வயது, அதன் ±, முழு இடைவெளி ஆகிய ஏழும் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 580 என்று போட்டிருந்தாலும் 300 என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள்.