டங்ஸ்டன் குளோரைடு



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் வகுப்பறையில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுத வைத்தேன். "வினையூக்கி, வினையின் வேகத்தைக் கூட்டும், ஆனால் தான் வினையில் பங்கு கொள்ளாது" என்பதே அது. மாணவர்களும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றார்கள். அதன் முற்பாதி சரி, பிற்பாதி தவறு. ஓய்வு பெற்ற பின்னர், டங்ஸ்டன் குளோரைடு என்னும் பொருளைப் பற்றிப் படித்தபோதுதான் அத்தவறு எனக்கு நன்கு விளங்கிற்று. அப்பொருளைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

டங்ஸ்டன் நமக்குப் புதியதன்று. பழைய மின்விளக்கின் குமிழுக்குள் சுருள் கம்பியாக இருந்து ஒளிர்ந்தது அதுவே. உலோகங்களுள் உருகுநிலை மிகுந்தது அது. 3422 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். இத்துணைப் பிடிவாதமுள்ள உலோகத்தை இணங்க வைப்பது எவ்வாறு? சுமார் 600 பாகை வெப்பத்தில் அதன்மீது குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். ஒரு டங்ஸ்டன் அணு ஆறு குளோரின் அணுக்களோடு கூடிக் கருநீலப் படிகமாகிறது. இதுவே டங்ஸ்டன் ஹெக்சாகுளோரைடு. இது ஏறத்தாழ 350 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டொலுவீன் போன்ற நீர்மங்களில் கரையவும் செய்யும்.

குளோரினை இது இறுகப் பற்றியிருப்பதில்லை. ஆக்ஸிஜனைத் தரும் பொருள் எதிர்ப்பட்டால் பழைய துணையைக் கைவிட்டுவிடும். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகைந்தெழும். நம் கடற்கரை ஊர்களின் ஐப்பசிக் காற்றில் இதன் புட்டியைத் திறந்துவைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டா! ஆகவே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள், கையுறைகளின் வழியே கையை நுழைத்து இதைக் கையாள்கிறார்கள். ஆனால், எளிதில் கைவிடும் இந்தக் குணத்தினால்தான் இது பயன்படுகிறது.

1964-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் நாட்டாவும் அவருடைய தோழர்களும் இதனோடு ஓர் அலுமினியக் கூட்டுப்பொருளைச் சேர்த்தார்கள். ஐந்து கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்த சைக்ளோபென்டீன், அக்கலவையில் வளையம் திறந்து, ரப்பர் போன்ற நீண்ட சங்கிலியாயிற்று. 1967-இல் அமெரிக்காவில், குட்இயர் டயர் நிறுவனத்தைச் சேர்ந்த கால்டெரான், சிறிது எத்தனாலும் சேர்த்து இன்னொரு புதுமையைக் கண்டார். இரட்டைப் பிணைப்புள்ள 2-பென்டீனில் அப்பிணைப்பின் ஒரு பக்கம் இரண்டு கார்பன், மறுபக்கம் மூன்று. சாதாரண அறை வெப்பத்தில் சில நிமிடங்களுக்குள், இரண்டு இரண்டோடும் மூன்று மூன்றோடும் சேர்ந்து, நான்கு கார்பன் பொருளும் ஆறு கார்பன் பொருளும் தோன்றின. பாதிப் பென்டீன் அப்படியே நின்றது. இதற்கு இடமாற்றம் என்னும் பொருள்படும் மெட்டாதெசிஸ் என்ற பெயரை அவர் இட்டார்.

ஆனால், இந்த மாற்றம் நடப்பது எப்படி? இரண்டு மூலக்கூறுகள் டங்ஸ்டன்மீது அருகருகே அமர்ந்து, ஒரே சமயத்தில் பாதிகளை மாற்றிக்கொள்கின்றன என்று பலரும் எண்ணினர். பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ஷோவான் அதைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். எரிசோன் என்னும் மாணவரோடு சேர்ந்து, டங்ஸ்டன் குளோரைடின் நெருங்கிய உறவான ஆக்ஸிகுளோரைடைக் கொண்டு, சைக்ளோபென்டீனையும் 2-பென்டீனையும் கலந்தார். பலர் எண்ணியது உண்மையானால் ஐந்தும் ஐந்தும் கூடிப் பத்துக் கார்பன் பொருள்தான் முதலில் கிடைக்க வேண்டும். கிடைத்ததோ ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்றும்! வளையத்தின் ஐந்து கார்பனுக்கு இருபுறமும் இரண்டோ மூன்றோ விருப்பப்படி வந்து ஒட்டியிருந்தன. அப்படியானால், பாதிகள் தனித்தனியே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ரயில் சந்திப்பில் ஷண்டிங் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். டங்ஸ்டனை அவ்வெஞ்சினாகக் கருதுங்கள். அது ஏற்கெனவே ஒரு பாதி வண்டியைப் பிடித்திருக்கிறது. அடுத்த வண்டியண்டை சென்று, அதை இரண்டாகப் பிரித்து, தன்னிடமுள்ள பாதியை ஒரு துண்டோடு கோத்துவிட்டு, மற்றத் துண்டை இழுத்துக்கொண்டு போகிறது. எஞ்சின் எப்போதும் வெறுங்கையோடு இருப்பதில்லை. புட்டியிலிருந்து எடுத்த குளோரைடு அவ்வெஞ்சினும் அன்று. அலுமினியமோ வெள்ளீயமோ அடங்கிய துணைப்பொருள் குளோரினைப் பறித்து, டங்ஸ்டனுக்கு ஒரு கார்பன் கையைத் தந்த பின்னரே வேலை தொடங்குகிறது. பங்கு கொள்ளாதது என்று நான் கற்பித்த வினையூக்கி, ஒவ்வொரு படியிலும் இவ்வாறு பங்கு கொண்டே நிற்கிறது! 1971-இல் வெளிவந்த இக்கருத்துக்காக 2005-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு, கிரப்ஸ், ஷ்ராக் இருவரோடும் சேர்த்து ஷோவானுக்கு வழங்கப்பட்டது.

பிற பயன்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1972-இல் ஷார்ப்லெஸ் குழுவினர், இக்குளோரைடைப் பியூட்டைல் லித்தியத்தோடு சேர்த்து, எபாக்ஸைடு என்னும் சேர்மங்களிலிருந்து ஆக்ஸிஜனைக் கவர்ந்தெடுத்தனர். மற்றொன்று கண்ணாடிப் பூச்சு. குளோரைடை ஆல்கஹாலில் கரைத்து, அளவான ஈரத்தைக் காட்டினால், புட்டியில் பகையாயிருந்த அதே ஈரம் டங்ஸ்டன் ஆக்ஸைடுக் கூழை உண்டாக்குகிறது. அதைக் கண்ணாடியில் மெல்லிய ஏடாகப் பூசிச் சூடேற்றுகிறார்கள். லித்தியம் அயனிகள் நிறைந்த ஒரு படலத்தை அதனோடு சேர்த்துச் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், அயனிகள் ஏட்டுக்குள் புகக் கண்ணாடி நீலமாகிறது. மின்னோட்டத்தைத் திருப்பினால் மீண்டும் தெளிகிறது. அவ்வாறு நீலமான சாளரம் வெயிலின் கடுமையைத் தணித்து, அறைக்குள் வெளிச்சத்தை மட்டும் ஓரளவு விடுகிறது.