கிளை விளக்கின் பெயர்

ஒரே தண்டிலிருந்து பல கைகள் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மெழுகுவர்த்தி எரியும் விளக்குக்கு ஆங்கிலத்தில் ‘கேண்டலாப்ரா’ என்று பெயர். லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே அது பன்மை. ஒருமை, கேண்டலாப்ரம். ஆங்கிலமோ பன்மையையே ஒருமையாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொரு பன்மை விகுதியையும் ஏற்றிவிட்டது.

சொல்லுக்குள் இருப்பது ‘கேண்டெலா’, மெழுகுவர்த்தி. அதற்கும் அடியில், ஒளிர்வதையும் வெண்மையையும் குறிக்கும் வினை. ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணப்பொடியால் வெளுத்த அங்கியோடு ஆதரவு கேட்டு வந்தார்கள். வேட்பாளரை ஆங்கிலத்தில் ‘கேண்டிடேட்’ என்பது அந்த வெண்மையால்தான். வடமொழி ‘சந்திர’வும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தது. நம் வாயில் நாள்தோறும் புழங்கும் சந்திரன், ஐரோப்பிய மெழுகுவர்த்திக்கு உறவு!

ரோமர்களுக்கு முன் இத்தாலியில் செழித்த எட்ருஸ்கர்களின் வெண்கல விளக்குத்தண்டுகளில், மெழுகுவர்த்தியைச் செருகி வைக்க உச்சியில் கூர்முனைகள் இருந்தன. ரோமர் காலத்தில் அந்த இடத்தில் எண்ணெய் விளக்கு ஏறிக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி இதைக் கவனித்திருக்கிறார். விளக்குத்தண்டின் மேற்பகுதிக்கு ஏகினா தீவும், தண்டுக்கு டாரெண்டம் நகரமும் பேர்பெற்றவை என்கிறார். எளிய மெழுகுவர்த்தியின் பெயரைத் தாங்கிய பொருளுக்கு ஒரு படை அதிகாரியின் சம்பளத்தையே கொடுக்கக் கூசாதவர்களைக் கண்டு அவருக்கு எரிச்சல்.

இந்தப் பெயர்தான் பிறகு எருசலேம் ஆலயத்தின் பொன்விளக்குக்கும் போய்ச் சேர்ந்தது. யூதர்கள் அதை மெனோரா என்பார்கள். ஒளியைக் குறிக்கும் எபிரேய வேரிலிருந்து வந்த பெயர். பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள், நடுத்தண்டோடு சேர்த்து ஏழு சுடர்கள். கி.பி. 70இல் ஆலயத்தை அழித்த ரோமர்கள் மெனோராவைச் சுமந்து செல்லும் காட்சி, ரோமின் டைட்டஸ் வளைவில் இன்றும் இருக்கிறது. லத்தீன் விவிலியம் அதைக் கேண்டலாப்ரம் என்றது. 1611இன் ஆங்கில விவிலியம் மெழுகுவர்த்தித் தண்டு என்றே எழுதிவிட்டது. ஆனால் மெனோராவில் எரிந்தது ஒலிவ எண்ணெய்.

தமிழ் விவிலியத்தின் யாத்திராகமத்தில் அதற்குப் பெயர் ‘குத்துவிளக்கு’. கிளைகளை அந்தச் சொல் காட்டவில்லைதான். அவற்றை அடுத்து வரும் வசனங்களே விவரித்துவிடுகின்றன. நின்று எரியும் எண்ணெய் விளக்கு என்ற அடிப்படையில் தமிழ்ச் சொல்லே மூலத்துக்கு நெருக்கம்.