கிண்ணம் செய்யும் பிள்ளைகள்

செல்வம் கொழிக்கும் நாடு அமெரிக்கா. அந்த நாட்டிலே, பசித்தவர்க்கு உணவு கிடைக்கட்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் களிமண் பிசைகிறார்கள்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை, தோழர்களே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் காரியம் இது.

மிச்சிகன் மாநிலத்திலே புளூம்ஃபீல்ட் ஹில்ஸ் என்றோர் ஊர். மோட்டார் கம்பெனிச் சீமான்கள் மாளிகை கட்டி வாழ்ந்த வட்டாரம். அங்கிருந்து ஏறத்தாழ 20 கல் தொலைவிலே டெட்ராய்ட். உலகுக்கே மோட்டார் வண்டி செய்து கொடுத்த தொழிலாளர் நகரம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, வேலையிழந்து தவித்த நகரம். மாளிகைக்கும் பசிக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்!

1990-ல், அந்த வட்டாரத்துப் பள்ளியில் கலை ஆசிரியராக இருந்த ஜான் ஹார்ட்டம், தம் மாணவர்களை மண் கிண்ணம் வனையச் சொன்னார். பிறகு ஒரு விருந்து. விருந்தென்றால் என்ன விருந்து? அந்தக் கிண்ணத்திலே சூப்பு, பக்கத்திலே ரொட்டி. அவ்வளவே. வந்தோர் தந்த பணம் பசித்தோருக்கு. உண்டு முடித்தபின் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். உலகிலே காலியாகவே கிடக்கும் கிண்ணங்களை அது நினைவூட்டட்டும் என்பது ஏற்பாடு. ஹார்ட்டமும் லிசா பிளாக்பர்ன் அம்மையாரும் இதனைப் பரப்பினர். 'காலிக் கிண்ணங்கள்' என்ற பெயரிலே அமெரிக்காவெங்கும், கடல் கடந்தும் பரவிற்று.

கிண்ணம் செய்வது என்ன பெரிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். உழைக்கும் கைகளுக்குத் தெரியும். மண்ணை அழுத்திப் பிசைந்து, சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். உருண்டையாக்கி, நடுவே கட்டைவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிச் சுவரை மெலிதாக்க வேண்டும். ஒருபுறம் தடிப்பு, மறுபுறம் மெலிவு என்றால் காயும்போதே விரிசல் விடும். ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே நீராவி கிளம்பிச் சிதறும். பக்கத்துப் பிள்ளையின் கிண்ணத்தையும் சேர்த்துக் கெடுக்கும்! ஏறத்தாழ 1,000 டிகிரிச் சூட்டில் ஒருமுறை வேக வேண்டும். பிறகு ஈயம் கலவாத மெருகுப் பூச்சு. மீண்டும் சூளை. ஒரு பொருள் உருவாகக் கை எத்தனை பாடு படுகிறது என்பதைச் சீமான் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மண் சொல்லிக் கொடுக்கிறது. பரீட்சையில் மார்க்கு வாங்கும் படிப்பு சொல்லிக் கொடுக்காத பாடம் இது.

"இதெல்லாம் புண்ணுக்குப் புனுகு பூசும் வேலை" என்பார் நம் தோழர்களிலே சிலர். நாம் அப்படி ஒதுக்கிவிட மாட்டோம். முன்பின் அறியாத ஒருவரின் பசிக்காகத் தன் கையால் செய்ததைக் கொடுக்கும் பிள்ளையை ஏளனம் செய்வது நம் வேலை அல்ல. நம் கேள்வி வாஷிங்டனிலே கோலோச்சியவர்களிடம்! பிள்ளைகள் கிண்ணம் செய்தார்கள்; நீங்கள் என்ன செய்தீர்கள்?

1946-ல் பள்ளிப் பகலுணவுச் சட்டம் செய்தார்கள், நல்லது. ஆனால் 1981-ல் ரீகன் ஆட்சி என்ன செய்தது? பள்ளி உணவுக்கான பணத்தை வெட்டிற்று. வெட்டிய கையோடு, ஊறுகாயையும் தக்காளிச் சாந்தையும் காய்கறிக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி எழுத முனைந்தது! நாடே கைகொட்டிச் சிரித்தது; விதி வாபசாயிற்று. பீரங்கிக்கு ஒதுக்கிய பணமோ ஏறிக்கொண்டே போயிற்று.

2014-ல் யூட்டா மாநிலத்துப் பள்ளியொன்றில், சாப்பாட்டுக் காசு பாக்கி என்று பிள்ளைகளின் கையிலிருந்த தட்டைப் பறித்துக் குப்பையிலே கொட்டினார்கள். காசில்லாத குற்றத்துக்குக் குழந்தைக்குத் தண்டனை!

முடியாத காரியமா இது? கொரோனா வந்த 2020-ல், ஏழையா பணக்காரனா என்று கேளாமல் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவச உணவு கொடுக்க அதே அரசாங்கத்தால் முடிந்தது. 2022-ல் ஏற்பாட்டை முடித்துக்கொண்டார்கள். பசி முடிந்துவிட்டதா? மறு ஆண்டு, 2023-ல், மிச்சிகன் மாநில அரசு தன் பொதுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் அனைவருக்கும் காலை உணவும் பகலுணவும் இலவசமாக வழங்கப் பணம் ஒதுக்கியது. கிண்ணம் பிறந்த மாநிலம் அது!

கிண்ணம்தான் அதனைக் கொண்டுவந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் உரிமையாகக் கொடுத்தால், எந்தப் பிள்ளையும் தான் ஏழை என்று மனுப் போட வேண்டியதில்லை என்பதை அங்கே கண்டோம்.

பள்ளிச் சாப்பாடு பள்ளி நாளுக்குத்தான். சனி, ஞாயிறுக்கு இல்லை. பிள்ளைக்கு உண்டு, வேலை போன தகப்பனுக்கு இல்லை. அவன் உணவு வழங்கும் நிலையத்து வாசலிலே வரிசையில் நிற்கிறான். அந்த வரிசைக்காகப் பிள்ளைகள் இன்னமும் மண் பிசைகிறார்கள்.