கொக்கி ஊசியும் கோத்த பாசியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

புடவை முந்தானையின் ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. நெசவாளி விட்டுவைத்த நூல்களை முறுக்கி முடிச்சுப் போடுவது பழைய வழக்கம். இப்போது வழங்குவது வேறு. நுனி வளைந்த சிறு கொக்கி ஊசியால் பட்டு நூலை வளையம் வளையமாகப் பின்னி, இடையிடையே கண்ணாடிப் பாசியும் முத்தும் சேர்த்துத் தொங்க விடுகிறார்கள். இந்தப் பின்னலுக்குக் குரோஷா என்று பெயர். அதே ஊசியும் அதே பாசியும் கைப்பை, தோடு, கழுத்து மாலை, தலைமுடி வளையம், கைபேசி உறை என்று பல உருவம் எடுக்கின்றன. சிவகிரியிலும், தென்காசிச் சாலையில் அடுத்தடுத்து வரும் வாசுதேவநல்லூர், புளியங்குடியிலும் பல வீட்டு வாசல்களில் 'குஞ்சம் கட்டித் தரப்படும்' என்ற அட்டையைக் காணலாம். எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறது. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, இதற்குரிய கூலி எங்கே போகிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பின்னலைப் பார்ப்போம். குரோஷாவுக்கு வேண்டியவை ஓர் ஊசியும் ஒரு நூலும் மட்டுமே. நூலில் ஒரு வளையம் போட்டு, அதன் வழியே ஊசியின் கொக்கியால் நூலை இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள் இன்னொரு கண்ணி. இப்படியே போனால் சங்கிலி. சங்கிலியின் மேல் ஏறி மறுபடியும் கண்ணி போட்டால் அடுத்த வரிசை. ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் திறந்து நிற்கும். குரோஷாவில் அப்படியில்லை, ஒவ்வொரு கண்ணியும் அங்கேயே மூடப்பட்ட பிறகுதான் அடுத்தது பிறக்கும். இந்தக் காரணத்தால்தான் இரட்டை ஊசிப் பின்னலைப் பின்னும் எந்திரங்கள் வந்து பல தலைமுறைகள் ஆகியும், குரோஷாவை அப்படியே பின்னித் தள்ளும் ஆலை எந்திரம் வரவில்லை. கடைகளில் 'குரோஷா லேஸ்' என்று கெஜக் கணக்கில் விற்பது அதைப் போலத் தோன்றும்படி எந்திரம் நெய்த வேறு பின்னல். ஆகையால் உண்மையான குரோஷாப் பை ஒன்று எங்காவது நூறு ரூபாய்க்குக் கிடைத்தால், எந்திரத்தினால் மலிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. யாரோ ஒருத்தியின் கை மலிந்திருக்கிறது.

கணித மாணவியாகிய எனக்கு இதில் மிகவும் பிடித்தது வட்டம் பின்னும் விதி. நடுவில் 6 கண்ணிகளுடன் தொடங்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டு என்று அம்மா சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அவர்களுடைய சித்தி சொல்லிக் கொடுத்தது. ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடினால், சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு கூடும். சாதாரண ஒற்றைக் கண்ணி ஏறக்குறைய அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பது. ஆகவே சுற்றுக்கு ஆறு கூட்டினால் பின்னல் தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. ஆறுக்குக் குறைத்தால் கிண்ணம் போல் குழிந்து தொப்பியாகும். கூட்டிக்கொண்டே போனால் கோழிக்கொண்டைப் பூவின் ஓரம் போலச் சுருள்சுருளாக மடியும்.

இந்தக் கோழிக்கொண்டையை எளிதாக எண்ண வேண்டாம். ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள ஒரு புள்ளி வழியே எத்தனையோ இணைகோடுகள் வரையலாம் என்ற வடிவ கணிதத்தை லொபாச்செவ்ஸ்கி 1829-இல் வெளியிட்டார். அந்தத் தளம் எப்படி இருக்கும் என்பதைக் கையில் எடுத்துக் காட்டுவது ஆசிரியர்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. காகித வளையங்களை ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்து போயின. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாட்வியா நாட்டுப் பெண்மணி டைனா டைமினா, சிறு வயதில் கற்ற குரோஷாவால் அந்தத் தளத்தைப் பின்னியே காட்டிவிட்டார். பெரிய பல்கலைக்கழகத்து வகுப்பறைக்குள் நம் வீட்டுத் திண்ணை வேலை நுழைந்த கதை இது!

விதி இன்னும் ஒன்றைக் கற்பிக்கிறது, அது விலைக்கு உரியது. முதல் சுற்றில் 6, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18 என்று போனால் 10 சுற்றுள்ள ஒரு வட்டத்தில் மொத்தம் 330 கண்ணிகள். 20 சுற்றுக்கு எத்தனை? 660 அல்ல, 1,260. விட்டம் இரண்டு மடங்கானால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கடிகாரம் வைத்துப் பார்த்ததில் என் கை நிமிடத்துக்கு 15 கண்ணி போடுகிறது. சின்ன வட்டம் 22 நிமிடம், பெரியது 84 நிமிடம். வாங்க வருகிறவர்களோ, "ரெண்டு மடங்கு பெருசுன்னா ரெண்டு மடங்கு ரூவா தானம்மா" என்கிறார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிவது விட்டம்தான், கண்ணிகள் தெரிவதில்லை.

இனிப் பாசி. நம் பக்கத்தில் மணி என்பதைவிடப் பாசி என்றே சொல்லுவோம். கண்ணாடிப் பாசியின் வரலாறு நம் கடற்கரையில் மிகத் தொன்மையானது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி ஓரம் மழுக்கிச் செய்த சிறு பாசிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இவ்வகைப் பாசிகள் தென்கிழக்கு ஆசிய நாடுகள் வரை பரவியிருக்கின்றன. கொங்கு நாட்டுக் கொடுமணலில் சூதுபவளம் முதலிய கற்களைத் துளையிட்டு மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் உண்டு.

இன்று நாங்கள் வாங்கும் சிறு பாசி எண்ணால் அறியப்படும். எண் கூடக் கூடப் பாசி சிறுக்கும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பதே ஒரு வேலை. மாலை கோக்கத் தங்கூசி நரம்பும், குஞ்சத்துக்குப் பட்டு நூலும் பயன்படுகின்றன. நூலோடு பாசியைச் சேர்த்துப் பின்னும்போது ஒரு கட்டாயம் உண்டு: பின்னத் தொடங்கும் முன்பே வேண்டிய பாசி அனைத்தையும் நூலில் ஏற்றிவிட வேண்டும். ஒரு முந்தானைக்கு 60 குஞ்சம், குஞ்சத்துக்கு 7 பாசி என்றால் 420 பாசிகளை நிற வரிசை தவறாமல் கோத்த பிறகே ஊசியை எடுக்கலாம். வரிசையில் ஒரு பாசி கூடிவிட்டால் குறட்டால் நசுக்கி எடுத்துவிடலாம். ஒன்று குறைந்து போனால் அவிழ்த்தே தீர வேண்டும்.

பாசி விற்பவர்கள் என்றதும் குற்றாலம் நினைவுக்கு வரும். ஆனி, ஆடிச் சாரலில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் நரிக்குறவர் பெண்கள் தரையில் துணி விரித்துப் பாசிமாலை கோத்து விற்கிறார்கள். 2023 தொடக்கத்தில்தான் இம்மக்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. மாலை கேட்பவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள், பேரத்தில் இறங்குவார்கள், ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். அதற்குக் கீழே எவர் கேட்டாலும் மாலை மீண்டும் துணிக்குப் போய்விடும். வீட்டில் பின்னும் எங்களுக்கு அந்த நிற்குமிடம் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை என்பதற்குக் கொஞ்சம் பழங்கதை வேண்டும். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தன. பல குடும்பங்களுக்கு அதுவே கஞ்சி ஊற்றியது. நம் தெற்குச் சீமையிலோ அதற்கு முன்பே லேஸ் பின்னல் வந்துவிட்டது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் அம்மையார், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் கற்பித்தார். அது கொக்கி ஊசிப் பின்னல் அன்று, திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவருடைய மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கும் அத்தொழிலைப் பரப்பினார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன் நாகர்கோவில் பள்ளியில் பயின்ற அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர், லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன. கூலி அவர்கள் கையில் வந்தது, அதை எண்ணிப் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்தது.

ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரியில் உள்ள நரசாப்பூரில் கதை வேறு திசையில் போயிற்று. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே குரோஷா வந்தது. பிறகு வணிகர்கள் அதை வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்த்தார்கள். ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலை முடித்து நாளெல்லாம் பின்னிய பெண்களின் வருமானம், வயலில் இறங்கிய கூலிப் பெண்களின் வருமானத்தைவிடக் குறைவாக இருந்ததை அவர் கண்டார். அந்தப் பெண்களைத் தொழிலாளர் என்று வணிகரும் கருதவில்லை, கணவன்மாரும் கருதவில்லை, அவர்களே கருதவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிற இல்லத்தரசிகள் என்பதே எல்லோருடைய எண்ணமும். ஓய்வு நேரத்துக்கு யார் கூலி கேட்பார்? நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊரின் பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. பின்னுகிறவளின் மணி நேரத்துக்கு அது விலை குறிப்பதில்லை.

இந்த நூலைப் பற்றி எங்கள் பேராசிரியை ஒருவர் வகுப்பில் சொன்ன அன்று மாலை, வீட்டில் அம்மாவிடம், "இந்தச் சேலைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "சும்மா இருக்கிற நேரத்துல செய்யிறதுக்கு என்ன பிள்ள கணக்கு?" என்றார்கள் அம்மா. காலை நான்கரைக்கு எழுந்து, சோறு பொங்கி, களையெடுக்கப் போய்விட்டு வந்து, இரவு பதினொரு மணி வரை விளக்கடியில் குனிந்திருப்பவர்கள் சொன்ன சொல் 'சும்மா இருக்கிற நேரம்'.

அடுத்த சேலைக்கு நானே கணக்கு எழுதினேன். பெரிய ஊர்க் கடையொன்றின் வழியாக வந்த கலியாணப் பட்டு அது. 60 குஞ்சம். பட்டு நூல் 50 ரூபாய், பாசியும் முத்தும் 110 ரூபாய். அம்மாவும் நானும் மாறி மாறி நான்கு இரவுகளில் 9 மணி நேரம். கடைக்காரர் எங்களுக்குக் கொடுத்தது 400 ரூபாய். பொருட்செலவு 160 போக மிச்சம் 240. மணிக்கு 26 ரூபாய் 67 காசு. 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தாலும் மணிக்கு 42. அந்தக் குஞ்சத்துக்கு மணப்பெண் வீட்டாரிடம் கடை வாங்கியது ஆயிரம் ரூபாய் என்பது பின்னால் தெரிந்தது. கடைக்கு வாடகை உண்டு, விளம்பரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆயிரத்தில் எங்கள் ஒன்பது மணி நேரம் எங்கும் எழுதப்படவில்லை.

பீடி சுற்றும் தாய்மார்கள் நம் மாவட்டத்தில் மிகுதி. அவர்களும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள்தாம். ஆயினும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு ஊரறிந்தது, 1966-இலேயே அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. குஞ்சத்துக்கும் மாலைக்கும் அப்படி ஒரு அளவு கிடையாது. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்வோருக்கென்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆகவே சட்டம் வரும் வரை சீட்டு ஒன்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நம் கல்லூரியிலேயே, புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயில் நூலும் பாசியும் வாங்கித் தோடும் தலைமுடி வளையமும் செய்து விற்கும் தோழியர் சிலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: பொருளோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அதில் நூல் இவ்வளவு, பாசி இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று மூன்று வரி. நேரத்துக்கு மணிக்கு 42 ரூபாய் போடுங்கள், அதற்குக் குறையாதீர்கள். செய்து முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதாமல், ஊசியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மணியைக் குறியுங்கள். பாசி கோக்கும் நேரத்தையும், நூல் வாங்க இராசபாளையம் போய் வரும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சென்ற தை மாதம் முதல் எங்கள் வீட்டில் இப்படித்தான் சீட்டு எழுதுகிறோம். எழுதுவது நான், பார்த்துச் சரி சொல்வது அம்மா. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த சேலையை வேறு தெருவுக்குக் கொடுத்துவிட்டார். வாசுதேவநல்லூர் ஆசிரியை ஒருவர் மூன்று வரியையும் இரண்டு முறை வாசித்து, "ஒன்பது மணி நேரமா?" என்று கேட்டு, சொன்ன தொகையைக் கொடுத்தார். அவர் அனுப்பியதாகச் சொல்லி இதுவரை நான்கு பேர் நேராக வந்திருக்கிறார்கள். கடை வழியே மாதம் ஏழெட்டுச் சேலை வந்துகொண்டிருந்தது. இப்போது மூன்றுதான் வருகிறது. மூன்றிலும் மணிக்கு 42 நிற்கிறது.